போர்டு வைக்க எடமில்லாத வேலை: வேலூர் பக்கம் ஒரு சுத்து

ஞாயிறு ராத்திரி, காட்பாடி

காலேஜ் பேட்ச் பசங்க சேத்து வச்ச காச எங்க போடறதுன்னு பாத்துட்டு வாடான்னு என்ன அனுப்பிருக்காங்க. நான் குடியாத்தத்துக்காரன், கணக்கு பாக்கறது என் பொழப்பு, அதனால எல்லாருமா என் தலைல கட்டிட்டாங்க. குரூப்ல பாதி பேருக்கு ஒரு கிராமத்த தத்தெடுக்கணும், மீதி பேருக்கு ஒரு ஸ்கூல்ல ஹால் கட்டி வாசல்ல கிரானைட்ல பேட்ச் பேரு பொறிக்கணும். எங்க கட்டப்போறோம்னே முடிவாகல, அதுக்குள்ள ஒருத்தன் கிரானைட் கொட்டேஷன் வாங்கி அனுப்பிட்டான். வாய்ஸ் நோட் போட்டா எவனும் கேக்க மாட்டான்னு தெரியும், அதனால தினம் ராத்திரி இங்க எழுதறேன், படிக்கறவன் படிங்க.

காட்பாடில எறங்கினா எப்பவும் போலதான், பிளாட்பாரத்துல பாதிப்பேரு பெங்கால்ல இருந்தும் அஸ்ஸாம்ல இருந்தும் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, ஆட்டோக்காரர் அவங்ககிட்ட இந்தில பேசிட்டு என்கிட்ட திரும்பி "இன்னா சார், எங்க போவணும்"ங்கறாரு. தண்ணியில்லா ஆறு, சாமியில்லா கோயில்னு நம்ம ஊர கிண்டல் பண்ணுவாங்களே, அதுல கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் 1981-லயே திரும்ப வந்துட்டாரு, பாலாறும் 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் புரள ஓடிச்சு, ஆனா கிண்டல மட்டும் எவனும் மாத்தல.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். "வேலூர்னு சொல்லிட்டு திருவண்ணாமலை ஜில்லா ஊரெல்லாம் ஏன்டா போற"ன்னு கேக்காதீங்க. எங்க தாத்தாவுக்கு இது மொத்தமும் வட ஆற்காடுதான். 1989-ல திருவண்ணாமலை தனியா போச்சு, 2019-ல மிச்சமிருந்த வேலூர மூணா பிரிச்சு ராணிப்பேட்டை திருப்பத்தூர்னு ஆக்கினாங்க. மலையும் ஆறும் ஜில்லா எல்லை பாத்து ஓடறதில்ல, நானும் பாக்கப்போறதில்ல.

திங்கள், கே.வி.குப்பம்

முழுப்பேரு ரொம்ப நீளம், பஸ் போர்டுல எடம் பத்தாதுன்னு கே.வி.குப்பம் ஆயிடுச்சு. இங்க சிஎம்சியோட கிராமப்புற அமைப்பு ஒண்ணு இருக்கு, ரூசான்னு சொல்லுவாங்க, 1977-ல ஆரம்பிச்சது. எங்க பாட்டி காலத்துல இருந்து கேக்கற பேருதான், ஆனா உள்ள போய் நிதானமா பாத்தது இப்பதான். சிஎம்சிய ஆரம்பிச்ச டாக்டர் ஐடா ஸ்கடர் நூறு வருஷத்துக்கு முன்னாடி இதே குடியாத்தம் ரோட்டுல வண்டிய நிறுத்தி மரத்தடில வைத்தியம் பாத்தாங்கன்னு சொல்லுவாங்க, அதோட தொடர்ச்சின்னு வச்சுக்கலாம். ஆனா ரூசா மருந்தோட நிக்கல. காய்ச்சல்னு வந்தவங்களுக்கு மாத்திரை குடுத்து அனுப்பினா அடுத்த மாசம் திரும்ப வராங்க, ஏன்னா வூட்ல சாப்பாடு இல்ல, குடிக்க நல்ல தண்ணி இல்ல, வேலை இல்ல. அதனால ஒரு பிளாக் மொத்தத்தையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரியோட சேத்து பெண்கள் குழு, விவசாயிங்க குழு, படிப்ப பாதில விட்ட பசங்களுக்கு தொழில் பயிற்சின்னு எல்லாத்தையும் கைல எடுத்தாங்க. பேருலயே உடல்நலமும் சமூக விவகாரமும் ரெண்டும் இருக்கு.

எனக்கு புடிச்சது முதியோர் மையம். கிராமத்துல தனியா கெடக்கற வயசானவங்க காலைல வந்து குந்தி பேசிட்டு மத்தியானம் சாப்ட்டுட்டு போறாங்க, அவ்ளோதான். சோறு, சாம்பார், கத்திரிக்கா பொரியல். ஒரு ஆயா தட்டுக்கு அடியில பேரு வெட்டியிருக்கறத திருப்பி காட்டிச்சு, அவங்க கல்யாணத்துக்கு வந்த தட்டாம், மூலையில நசுங்கிப்போயிருக்கு, வேற தட்டுல சாப்பிட மாட்டாங்களாம். "இன்னா நைனா, போட்டோ புடிக்க வந்தியா"ன்னு கேட்டுச்சு, இல்ல ஆயா சும்மாதான் வந்தேன்னேன், "சும்மா வந்தவன் எவன் கீறான், குந்து சாப்டு"ன்னுடுச்சு.

சாயங்காலம் லத்தேரில டீ கடை. ஒரு சின்ன டிரஸ்ட் நடத்தற அண்ணன் ஒருத்தர் வந்தாரு, அவர்தான் இந்த வாரம் பூரா எனக்கு வழிகாட்டி. பேரு போட வேணாம்னாரு, டிரஸ்ட் அண்ணன்னே வச்சுக்குவோம். அவரு கதைய கேட்டா நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. முன்னாடி வெளிநாட்டுப் பணம் பெரிய ஊர்ல இருக்கற பெரிய நிறுவனத்துக்கு வரும், அவங்க அதுல இருந்து கிராமத்துல வேலை செய்யற சின்ன டிரஸ்ட்டுங்களுக்கு பிரிச்சு குடுப்பாங்க. 2020 செப்டம்பர்ல எஃப்சிஆர்ஏங்கற வெளிநாட்டு நன்கொடை சட்டத்த திருத்தினப்ப வாங்கினவன் இன்னொருத்தனுக்கு மாத்தி விடக்கூடாதுன்னு வந்துடுச்சு, நிர்வாகச் செலவும் நூத்துக்கு 50 வரைக்கும் இருந்தது 20-தான்னு ஆயிடுச்சு, கணக்கு டில்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்சுலதான் இருக்கணும். தப்பு பண்றவன புடிக்கத்தான் சட்டம்னு சொல்றாங்க, இருக்கலாம், ஆனா லத்தேரில ஒரு ரூம்ல ரெண்டு பேர வச்சு வேலை பாத்துகினு இருந்த ஆளுக்கு வர்ற வழி அடைஞ்சுபோச்சு. சரி உள்நாட்டு சிஎஸ்ஆர் காசு இருக்கேன்னு கேட்டேன். அஞ்சு கோடிக்கு மேல லாபம் வர்ற கம்பெனில்லாம் சராசரி லாபத்துல ரெண்டு சதவீதம் சமூக வேலைக்கு செலவு பண்ணணும்னு 2013 கம்பெனி சட்டத்துல இருக்கு. "கீது சார், ஆனா கம்பெனி எங்க கீதோ அங்கதான் மொதல்ல போடணும்னு அதே சட்டத்துல கீதே, சிப்காட் பக்கத்து ஸ்கூலுக்கு மூணு தடவ பெயிண்ட் அடிப்பான், எங்க ஊர்ல கம்பெனியே இல்லியே"ன்னாரு. அதுல ஒரு தப்பும் சொல்ல முடியல.

செவ்வாய், குடியாத்தம் பக்கம் ஒரு ஊரு

இன்னிக்கு எழுத நெறைய இருக்கு, கை வலிக்குது, இருந்தாலும் எழுதிடறேன்.

குடியாத்தம் டவுன்ல லுங்கியும் தீப்பெட்டியும், சுத்தி இருக்கற கிராமத்துல பீடி. எங்க தெருவுலயே சின்ன வயசுல திண்ணைக்குத் திண்ணை முறம் இருக்கும், இப்பவும் மாறல. டிரஸ்ட் அண்ணன் கூட்டிட்டுப்போன வூட்ல அக்கா பீடி சுத்திகினே பேசினாங்க. ஊறவச்ச இலைய தகட்ட வச்சு அளவா வெட்டறாங்க, தூள ஒரு சிட்டிகை வச்சு உருட்டறாங்க, நூல ஒரு சுத்து சுத்தி அறுக்கறாங்க, பேச்சு நிக்கல, கண்ணு முறத்த பாக்கவே இல்ல. தொண்டைல அந்த புகையில நெடி ஏறி நான் இருமிகிட்டே இருந்தேன், அவங்களுக்கு ஒண்ணுமில்ல, இல்ல ஒண்ணுமில்லாத மாதிரி பழகிடுச்சு.

வூட்டு கதை இதுதான். கூரை வூடு, மழைக்கு ஒழுவுது. கலைஞர் கனவு இல்லத்துல பேரு வந்துடுச்சு. 360 சதுர அடி, மூன்றரை லட்சம் அரசாங்கம் தருது, 300 சதுர அடி கான்கிரீட் போடணும், மிச்சம் 60 அடி தீப்புடிக்காத கூரை எது வேணா போட்டுக்கலாம். நல்ல திட்டம்தான், நான் குறை சொல்ல வரல. ஆனா காசு ஒரேடியா வராது. பேஸ்மெண்ட் மட்டம், கதவு ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல், ரூஃப், அப்புறம் வேலை முடிஞ்சதும்னு கட்டம் கட்டமா வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓவர்சியர் வந்து போன்ல போட்டோ எடுப்பாரு, எந்த எடத்துல எடுத்ததுன்னு போட்டோவுலயே பதிவாகும், அது மேல போனா பில்லு பாஸ் ஆகி பேங்க்ல வரும். அப்ப முதல் போட்டோ எடுக்கணும்னா பேஸ்மெண்ட் ஏறி இருக்கணும். அத ஏத்த காசு?

மேஸ்திரி பக்கத்துலயே இருந்தாரு, அவரே கணக்கு சொன்னாரு. பழைய வூட்ட இடிக்கணும், கடக்கால் தோண்டணும், கருங்கல் ஒரு லோடு, ஜல்லி, எம் சாண்ட், ஆளு கூலி, மேல பெல்ட் போட்டு மண்ணு ரொப்பணும். அந்த அக்கா வெளிய 80,000 வாங்கிருக்காங்க, நூத்துக்கு மூணு வட்டி. மாசம் 2,400. பில்லு வர அஞ்சு மாசம் இழுத்துச்சு, 12,000 வட்டிக்கே போச்சு. அந்த 12,000 எங்க கொறையும்? கதவுல, ஜன்னல்ல, பூச்சுல. வெளிப்பூச்சு இல்லாத வூடு நீங்க எந்த கிராமத்துல பாத்தாலும் அதுக்குள்ள இந்த கணக்கு ஒண்ணு இருக்கும், நான் இன்னிக்கு வரைக்கும் அது சோம்பேறித்தனம்னு சொல்ற ஆளுங்களதான் பாத்திருக்கேன். வூட்ட இடிச்சிட்டு குடும்பத்தோட பக்கத்துல சீட்டு கொட்டாய்ல இருக்காங்க, வாடகை வேற. இன்னொரு தெருவுல ரெண்டு வூடு லிண்டல் மட்டத்துலயே நிக்குது, உள்ள எருக்கஞ்செடி என் இடுப்புக்கு வளந்திருக்கு.

"மைக்ரோ பைனான்ஸ்ல வாங்கலாமே"ன்னு கேட்டேன், அக்கா கத்திரிக்கோல கீழ வச்சிட்டு என்ன ஒரு பார்வ பாத்தாங்க. "வாரா வாரம் வூட்டாண்ட வந்து நிப்பான் சார், பக்கத்து வூட்டுக்காரிய கூட்டியாந்து குந்த வப்பான்." ஒரு குடும்பத்தோட கடன் தவணை எல்லாம் சேத்து மாச வருமானத்துல பாதிக்கு மேல போகக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022-ல விதி போட்டிருக்கு, மிரட்டி வசூல் பண்றத தடுக்க 2025-ல தமிழ்நாட்டுல தனிச்சட்டமே வந்திருக்கு, ஆனா அந்த அக்காவுக்கு பயம் போகல.

குழுவுல கடன் வாங்கலாம், ஆனா குழுவுல அவங்க முறை வர இன்னும் நாள் இருக்கு. மகளிர் குழுவ பேங்கோட சேக்கற வேலைய நபார்டு வங்கி 1992-ல 500 குழுவ வச்சு சோதனையா ஆரம்பிச்சது, அதுல இருந்து வளந்து இன்னிக்கு நம்ம ஊர்ல குழு இல்லாத தெரு கெடையாது. இருந்தும் வூடு கட்ட ஆரம்பிக்கற அந்த நாலஞ்சு மாசத்துக்கு உருப்படியா குடுக்க ஆளில்ல.

இங்கதான் எனக்கு பொறி தட்டுச்சு. நம்ம பேட்ச் காசு வச்சு வூடு கட்டினா ரெண்டு மூணு வூடு கட்டலாம், போர்டு வைக்கலாம். அதே காச கைமாத்தா விட்டா? பேஸ்மெண்ட்டுக்கு குடுக்கறோம், பில்லு வந்ததும் திரும்ப வருது, அடுத்த வூட்டுக்கு போகுது. அண்ணன்கிட்ட சொன்னேன், அவரு சிரிச்சாரு. "இத நான் எத்தன வருஷமா கேட்டுகினு கீறேன் தெரியுமா, எவனும் தர மாட்டேன்றான், போட்டோல காட்ட ஒண்ணும் இல்லியாம்."

சாயங்காலம் ஏரிக்கரை ஓரம் இருளர் குடும்பங்க இருக்கற எடத்துக்கு போனோம். நீர்நிலை புறம்போக்கு, அதனால அங்க பட்டா தரவே முடியாது, பட்டா இல்லன்னா எந்த திட்டத்துலயும் வூடு இல்ல. இருளர் மாதிரி ரொம்ப பின்தங்கின பழங்குடிகளுக்காக 2023-ல பி.எம். ஜன்மன் திட்டம் வந்துச்சு, வூட்டுக்கு ரெண்டு லட்சம் மத்திய அரசு கணக்கு. ஆனா சாதி சான்று வேணும், அத ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ்ல போய் வாங்கணும், அதுக்கு ஒரு நாள் கூலி போகும், ஒரே நாள்ல முடியாது. டிரஸ்ட் அண்ணனோட வேலை அங்க என்னன்னா ஆளுங்கள ஷேர் ஆட்டோல ஏத்தி ஆபீஸுக்கு கூட்டிட்டு போய், மனு எழுதி, சாயங்காலம் திரும்ப கொண்டாந்து விடறது. ஆட்டோ காசு, ஜெராக்ஸ் காசு, சாப்பாட்டு காசு. இத எந்த ரிப்போர்ட்ல எந்த தலைப்புல எழுதுவீங்கன்னேன். "இதர செலவு"ன்னாரு.

புதன், கணியம்பாடி, நாகநதி

நேத்து எழுதினதுக்கு குரூப்ல சண்டை. "கடன் குடுக்கவா காசு சேத்தோம், திரும்ப வரலன்னா யாரு பொறுப்பு"ன்னு ஒருத்தன். ஞாயமான கேள்விதான், பதில் கைல இல்ல, இருக்கட்டும்.

நாகநதி ஜவ்வாது மலைல பொறந்து அமிர்தி பக்கமா எறங்கி கண்ணமங்கலம் வழியா கமண்டல நதியோட சேந்து செய்யாறு பாலாறுன்னு போகுது. ரொம்ப வருஷம் மணல்தான், ஆறுன்னு பேரு மட்டும். 2014-ல வாழும் கலை அமைப்பு ஆளுங்க இங்க ஆத்த மீட்கற வேலை ஆரம்பிச்சாங்க, 100 நாள் வேலை பொம்பளைங்கதான் முழுக்க முழுக்க வெட்டினது. 2021 செப்டம்பர்ல பிரதமர் ரேடியோல பேசறப்ப இந்த ஆத்த பத்தி சொன்னாரு, அதுக்கப்புறம் கொஞ்ச நாள் வேன் வேனா ஆளு வந்து பாத்துட்டு போனாங்களாம்.

வேலை என்னன்னா, மேல மலைச்சரிவுல ஓடைக்கு குறுக்க கல்ல அடுக்கி விடறாங்க, சிமெண்ட் கெடையாது, வெறும் கல்லு, தண்ணி நிக்காது ஆனா வேகம் கொறையும். கீழ ஆத்துப்போக்குலயும் ஓரத்துலயும் குழி வெட்டி சிமெண்ட் உறைய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி கிணறு மாதிரி எறக்கறாங்க. வெள்ளம் மேலாக்க ஓடிப்போகாம அந்த உறைக்குள்ள பூந்து கீழ எறங்கிடும். இதுல எறச்சு குடிக்க முடியாது, தண்ணிய பூமிக்குள்ள அனுப்பற வாய்தான் அது. பக்கத்துல தென்னந்தோப்பு வச்சிருக்கற பெரியவரு தன் கிணத்த காட்டினாரு, படிக்கட்டு எது வரைக்கும் நனைஞ்சிருக்குன்னு கை நீட்டி நீட்டி சொன்னாரு, முன்னாடி போர் மேல போரா போட்டு கடன்பட்டதையும் சொன்னாரு.

நான் எல்லா எடத்துலயும் ஒரே கேள்விதான் கேக்கறேன், இத இப்ப யாரு பாத்துக்கறாங்க. ஒரு உறைக்குள்ள எட்டி பாத்தேன், வண்டல் முக்கால்வாசி ஏறி இருக்கு, மேல பிளாஸ்டிக் டம்ளரும் குவாட்டர் பாட்டிலும். மழைக்கு முன்னாடி வருஷா வருஷம் தூர் வாரணும், இல்லன்னா வாய் அடைச்சுடும். வெட்டறப்ப மஸ்டர் ரோல்னு வருகைப் பதிவு இருந்துச்சு, கூலி வந்துச்சு. வாரறதுக்கு தனியா வேலை போடணும்னா பஞ்சாயத்துல தீர்மானம், எஸ்டிமேட், அப்ரூவல். அங்க வேலை செஞ்ச ஒரு அம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு: "வெட்னவ நானு, எனக்கு தெரியாதா எது அடச்சுகினு கீதுன்னு, ரெண்டு நாள் கூலி குடுத்தா நாலு பேரு வாரிடுவோம், யார்கிட்ட போய் கேக்கறது?" ரெண்டு நாள் கூலி. கிரானைட் கல்லு கொட்டேஷன நெனச்சுகிட்டேன்.

மத்தியானம் கண்ணமங்கலத்துல சாப்பாடு, இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா காரக்குழம்பு. புவிசார் குறியீடெல்லாம் வாங்கின கத்திரிக்கா அது, சும்மா இல்ல. காம்பு முள்ளு கைல குத்தும், உள்ள வெண்ணெய்.

வியாழன், படவேடு

ரேணுகாம்பாள் தரிசனம் முடிச்சாச்சு. சுத்தி வாழைத்தோட்டம், பின்னாடி மலை, நம்ம ஜில்லால இவ்ளோ பச்சையான்னு தோணும். இங்க டிவிஎஸ் கம்பெனியோட ஸ்ரீனிவாசன் சர்வீசஸ் டிரஸ்ட் நெறைய வருஷமா வேலை செய்யுது, அந்த டிரஸ்ட் ஆரம்பிச்சது 1996. அங்கன்வாடி, குழு, விவசாயம், ஏரி தூர் வாரறதுன்னு பல வேலை. ஒரு அங்கன்வாடி மட்டும் பாத்தேன், செவத்துல பசங்க உயரம் பாக்கற கோடு, வாசல்ல முருங்கை. பெரிய கம்பெனி பின்னாடி இருந்தா பத்து இருபது வருஷம் ஒரே எடத்துல நிக்கலாம், அது ஒரு வசதி, எல்லாருக்கும் வாய்க்காது.

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர் "நமக்கு நாமே திட்டம்" பத்தி சொன்னாரு, ஜனங்க மூணுல ஒரு பங்கு கட்டினா மிச்சம் ரெண்டு பங்கு அரசாங்கம் போட்டு ஸ்கூல் கட்டடமோ சமுதாயக்கூடமோ கட்டும். ஹால் ஹால்னு ஆடற நண்பர்களே, உங்களுக்கு இதுதான் வழி, நம்ம காசு மூணு மடங்கா வேலை செய்யும், பேரும் வரும். நான் எதிர்க்கல. ஆனா அந்த ஸ்கூல்ல பொண்ணுங்க பாத்ரூம் தாப்பா ஒடைஞ்சு கெடக்கு, டேங்க்ல குழாய் இல்ல, மொதல்ல அத பாக்கணும்னு அவரே சொன்னாரு.

வெள்ளி, ஒடுகத்தூருக்கு மேல

பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை, அணைக்கட்டு பிளாக்ல மலை மேல இருக்கற பஞ்சாயத்துங்க. பீஞ்சமந்தைக்கு தார் ரோடு வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகுது, அதுக்கு முன்னாடி நோவுன்னா டோலி கட்டி தூக்கிட்டு எறங்கணும். அண்ணன் வண்டி டிவிஎஸ் எக்ஸ்எல், ரெண்டு கொண்டை ஊசில என்ன எறக்கி நடக்க விட்டாரு.

2023 மே மாசம் இதே பிளாக்ல அல்லேரி மலைல பாம்பு கடிச்ச கொழந்தைய ஆஸ்பத்திரி கொண்டு போறதுக்குள்ள உசுரு போச்சு, ரோடு இல்லாததால ஒடம்ப கைல தூக்கிட்டு நடந்தாங்க, பேப்பர்ல படிச்சிருப்பீங்க. ரோடு ஏன் இல்லன்னா காடு, வனத்துறை நெலம். ஆனா 2006 வன உரிமை சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு, 3(2). ரோடு, ஸ்கூல், அங்கன்வாடி, குடிதண்ணி, கரண்ட்டு லைன்னு 13 விஷயத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்குள்ள, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டாம இருந்தா, கிராம சபை சிபாரிசு பண்ணினா காட்டு நெலத்த ஒதுக்கலாம். இந்த சிபாரிச யாரு எழுதறது, எந்த படிவம், கூட எந்த மேப்பு, இது தெரிஞ்ச ஒருத்தர் மலைல இருந்தா போதும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு கிராம சபை நடந்துகிட்டுதான் இருக்கு. அண்ணன் ரெண்டு மலைப்பசங்களுக்கு இத சொல்லிக்குடுத்துகிட்டு இருக்காரு, ஒருத்தன் ஐடிஐ முடிச்சவன், ஒருத்தி பி.ஏ. படிக்கறா.

அந்த ஐடிஐ தம்பிதான் எனக்கு இன்னிக்கு ஹீரோ. மலைல சாமை வெளையுது, அத அப்படியே மூட்டையா கீழ வித்தா வெல கம்மி, தோல் நீக்கி அரிசியா வித்தா நல்ல வெல. யாரோ ஒரு நன்கொடையாளர் சாமை குத்தற மெஷின் வாங்கி குடுத்திருக்காங்க, ஷெட்டு போட்டு, ரிப்பன் வெட்டி, கல்வெட்டு வச்சு. மெஷின் அப்படியே புதுசா இருக்கு, பாலித்தீன் கவர் கூட பாதி பிரிக்கல, மேல கோழி ஏறி குந்தியிருக்கு. ஏன்னா மோட்டரு த்ரீ ஃபேஸ், அந்த ஊருக்கு வர்றது சிங்கிள் ஃபேஸ். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு கேட்டிருந்தா அந்த ஊர்ல சின்ன புள்ள கூட சொல்லியிருக்கும். பொம்பளைங்க இன்னும் சாமைய மூட்டை கட்டி கீழ எடுத்துட்டு போய் அரைச்சிட்டு வராங்க. தம்பி என்ன சொல்றான்னா, "சிங்கிள் ஃபேஸ் மோட்டரு சின்னது போட்டு புல்லி மாத்தினா ஓடும்ணா, மெதுவா அரைக்கும், ஆனா ஓடும்." கையால படம் போட்டு, புல்லி அளவு எழுதி, ஒடுகத்தூர் கடைல வெல விசாரிச்சு வச்சிருக்கான். அந்த பேப்பர் அவன் சட்டப்பைல எவ்ளோ நாளா இருக்கோ, மடிப்புல கிழிஞ்சு டேப் ஒட்டியிருக்கு.

அந்த மோட்டர் காச நான் என் சொந்த கணக்குல இருந்து போட்டுட்டேன், குரூப்ல கேட்டுகிட்டு நிக்கல. ஜமுனாமரத்தூர்ல ஜவ்வாது மலைவாழ் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்னு ஒண்ணு நடக்குது, சாமை, தேன், புளியெல்லாம் பாக்கெட் போட்டு விக்கறாங்க, அவங்ககிட்ட பேசி இந்த பக்கத்து சாமைய எடுப்பாங்களான்னு கேக்கணும்னு தம்பிக்கு ஆசை. மொதல்ல மெஷின் ஓடட்டும்டான்னேன்.

சனி, மறுபடி குடியாத்தம் பக்கம்

செவ்வாக்கெழம போன ஊர்ல மகளிர் குழுங்களோட பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பு, பி.எல்.எஃப்புன்னு சொல்லுவாங்க, அவங்க கூட்டம். சேவை மையக் கட்டடம், பேன் ஒண்ணு ஓடுது ஒண்ணு ஓடல. பீடி அக்காவும் வந்திருந்தாங்க. கைமாத்து நிதி யோசனைய அண்ணன் எடுத்து சொன்னாரு. நான் வட்டி வேணாம், திரும்ப வந்தா போதும்னு சொன்னேன். அத கேட்டு தலைவி அக்கா பேனாவ மூடி வச்சிட்டாங்க.

"வட்டி இல்லன்னா இது தானம்னு நெனச்சுக்குவாங்க சார், திரும்ப வராது. நூத்துக்கு ஒண்ணு வைங்க. அந்த வட்டி எங்க கூட்டமைப்புக்கு, எழுதற புள்ளைக்கு சம்பளம் தரணுமில்ல."

அப்புறம் அவங்களே பேச ஆரம்பிச்சாங்க, நான் ஓரமா குந்தி கேட்டேன். காசு கைல தரக்கூடாது, கல்லு லோடுக்கும் சிமெண்ட்டுக்கும் கடைக்கு நேரா குடுக்கணும். குழுவுல பழைய கடன் பாக்கி வச்சிருந்தா தரலாமா கூடாதான்னு கால் மணி நேரம் சண்டை, தரலாம்னு முடிவாச்சு, ஏன்னா பாக்கி வச்சிருக்கறவதான் ஒழுவற வூட்ல இருக்கா. பில்லு வந்ததும் மொத கழிவு இதுக்கு. பில்லு லேட்டானா? லேட்டான மாசத்துக்கு வட்டி கெடையாது, ஆனா கூட்டமைப்புல இருந்து ரெண்டு பேரு பிளாக் ஆபீஸுக்கு போய் கேக்கணும், பஸ் காசு வட்டி பணத்துல. ஆத்துக்காரரு குடிச்சிட்டு வந்து கேட்டா? "வரட்டும்"னு பின்னாடி வரிசைல இருந்து ஒரு சத்தம், எல்லாரும் சிரிச்சாங்க.

போர்டு வைக்கணுமான்னு தலைவி அக்கா என்கிட்ட கேட்டாங்க. எங்க வைப்பீங்கன்னேன். யோசிச்சு பாத்துட்டு "தீர்மான நோட்ல மொத பக்கத்துல எழுதிடறோம்"னாங்க.

குரூப்ல இதுவரைக்கும் பாதிக்கு கொஞ்சம் மேல பேரு சரின்னு போட்டிருக்காங்க. கிரானைட் ஆளு இன்னும் பதில் போடல. கைமாத்து பட்டியல்ல மொத பேரு ரெண்டு பேருக்கும் போட்டியா நிக்குது, ஒருத்தருக்கு பட்டா மாமனார் பேர்ல இருக்கு, பேரு மாத்தணும். திங்கக்கெழம அண்ணன் விஏஓ ஆபீஸுக்கு அவங்கள கூட்டிட்டு போறாரு, அதுக்குள்ள முடியலன்னா ரெண்டாவது ஆளுக்கு கடக்கால் தோண்ட மேஸ்திரி புதன்கெழம நாள் குடுத்திருக்காரு.